சிறை ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்மஸ் நெருங்கும்போது திருகோணமலைச் சபைகளிலிருந்து சிறை ஊழியத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். எங்காவது மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். காவலில் இருந்தவரைப் பார்க்க வந்தவர்களைப் பற்றிய அந்த வசனம் மனதில் தைத்திருக்கும். நல்ல பிள்ளைகள், உண்மையான அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகளை இவர்களும் ஒவ்வொன்றாக விடுவதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன் கொண்டு போகக்கூடாது, சிகரெட் கொடுக்கக்கூடாது, கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே வரக்கூடாது என்பதை எல்லாம் வாசலில் சோதிக்கிற உத்தியோகத்தரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். வாசலில் யாரும் சொல்லித் தராதவற்றைப் பற்றித்தான் இது.

விளக்கமறியலில் இருப்பவரிடம் சாட்சி கேட்பது

ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்வதைத்தான் சாட்சி கேட்பது என்கிறோம். எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும் பகுதியினர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, விளக்கமறியல் கைதிகள். வழக்கு முடியவில்லை, சிலருக்குத் தொடங்கவே இல்லை. பொதுவாக 14 நாட்களுக்கு ஒரு தரம் நீதவான் முன்னால் கொண்டு போவார்கள், மறியல் நீடிக்கப்படும், திரும்பி வருவார்கள். போதைப்பொருள் வழக்குகள் சிலவற்றில் நீதவானுக்குப் பிணை கொடுக்கும் அதிகாரமே இல்லை. மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலேயோ போக வேண்டும். அதற்குள் மாதங்கள், சில வேளை வருடங்கள் ஓடிவிடும். நீங்கள் பாட்டுப் படித்துக்கொடுக்கிற அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் குற்றம் செய்தவரா இல்லையா என்று சட்டத்துக்கே இன்னும் தெரியாது.

இப்படிப்பட்ட ஒருவரை எழுப்பி நிறுத்தி, "தம்பி, நீங்கள் என்ன செய்தீர்கள், ஆண்டவர் உங்களை எதிலிருந்து விடுவித்தார், சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன நடக்கும்?

நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. எந்தக் குழு என்பது தேவையில்லை. மூதூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் அப்போது எங்களோடு ஒழுங்காக ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு பாட்டும் செய்தியும் அவனை அசைத்திருக்க வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் கேட்டதும் எழும்பி அழுதுகொண்டே பேசினான். தன் வழக்கைப் பற்றி, கூட இருந்தவர்களைப் பற்றி, எல்லாம் சொன்னான். அங்கே நின்ற எனக்கு வயிறு கலங்கியது. தலைவர் "அல்லேலூயா" என்றார்.

அதோடு முடியவில்லை. அந்தச் சாட்சி ஒரு உபவாசக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. ஊரின் பெயரும் வழக்கின் வகையும் சேர்த்துச் சொல்லப்பட்டதால் பெயரை மறைத்ததில் ஒரு பயனும் இல்லை. பிறகு யாரோ அதை வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். இந்த மாவட்டம் சின்னது. இரண்டு கிழமைக்குள் அது அவனுடைய தாயின் காதுக்குப் போய்விட்டது, அவன் சொன்ன மற்ற ஆட்களின் வீடுகளுக்கும் போய்விட்டது. அந்தத் தாய் தனியாக இருக்கிற பெண். அவருக்கு வந்த மிரட்டல்களை யார் பொறுப்பெடுப்பது? சட்டத்தரணி எங்களைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. கொஞ்சக் காலம் எந்தச் சபைக் குழுவையும் உள்ளே விடவில்லை. அந்தப் பெடியன் அதற்குப் பிறகு ஜெபத்துக்கே வரவில்லை. ஊழியம் நின்றதை விட அதுதான் எனக்கு வலித்தது. நம்பி வாயைத் திறந்த ஒரே இடத்தில் அவனுக்கு அது நடந்தது.

சட்டத்தில் இருக்கிற ஒரு விடயத்தைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நம் நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி சாதாரண வழக்கில் ஒருவர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பயமுறுத்தி வாங்கியிருக்கலாம் என்பதால் அந்தப் பாதுகாப்பு. ஆனால் உங்களிடமும் என்னிடமும் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் வேத புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததால் நீதிமன்றத்தில் அது வேறு வகையாக ஆகிவிடாது. மண்டபத்தில் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கைதிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்குத் தன் வழக்கை இலேசாக்கிக்கொள்ள அதைப் பயன்படுத்தினால்?

இன்னொரு பக்கமும் உண்டு. சிலர் நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே பெரிய பாவிகளாகத் தங்களைக் காட்டுவார்கள். செய்யாததையும் சேர்த்துச் சொல்வார்கள், நாம் அதிகம் கண்ணீர் விடுகிற கதை எது என்று அவர்களுக்குத் தெரியும். உண்மையாகவே குற்றம் செய்யாதவர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. "எனக்கு மனந்திரும்ப ஒன்றும் இல்லையே அண்ணா, என்ன செய்ய?" என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரி, நாம் கேட்காமலே ஒருவர் தன் வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால்? மெதுவாக நிறுத்துங்கள். "தம்பி, அதை உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று நான் சொல்லுவேன். சட்டத்தரணி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆள் கொடுப்பார்கள். சிறையின் நலன்புரி உத்தியோகத்தர் ஊடாகக் கேட்கச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் அது குருவானவரின் வேலை, அவரைக் கூட்டி வாருங்கள். சபையில் நீங்கள் அறிக்கை சொல்ல வேண்டி வந்தால் பாடப்பட்ட பாட்டைச் சொல்லுங்கள், வாசித்த பகுதியைச் சொல்லுங்கள். ஆளைச் சொல்லாதீர்கள்.

பவுல் செசரியாவில் இரண்டு வருடம் இப்படித்தான் தீர்ப்பு இல்லாமல் காவலில் கிடந்தார். தேசாதிபதி பேலிக்ஸ் பணம் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பவுலின் ஆட்கள் வந்து உதவி செய்வதைத் தடுக்கக்கூடாது என்று நூற்றுக்கதிபதிக்குக் கட்டளை இருந்தது, அப்போஸ்தலர் 24ஐ வாசித்துப் பாருங்கள். அவர்கள் வந்தார்கள், உதவி செய்தார்கள். பவுல் தன் வழக்கைப் பேச வேண்டிய இடத்தில் தானே பேசினார். நமக்கும் அந்த நண்பர்களின் இடம் போதும்.

சோப்பையும் ஜெபத்தையும் முடிச்சுப் போடுவது

இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள், சிறைக்குள்ளும் அப்படித்தான். கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர். சோப்பும் பற்பசையும் கொண்டு போனால் நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்து எல்லோருக்கும் பகிரச் சொல்லுங்கள். ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது வலை வீசுவதாகத்தான் தெரியும். தெரிவதில் பிழையும் இல்லை. விரும்பி வருகிற இந்துப் பிள்ளையை வரவேற்கலாம், வராதவரை ஏன் என்று கேட்காதீர்கள்.

"கிறிஸ்மஸுக்கு விட்டுவிடுவார்கள்" என்று சொல்வது

கிறிஸ்மஸுக்கு ஜனாதிபதியின் பொது மன்னிப்பில் ஆட்கள் விடுதலையாவது உண்மை. பெரும்பாலும் சிறு குற்றங்களுக்கும் தண்டப்பணம் கட்ட முடியாமலும் உள்ளே இருப்பவர்கள் அவர்கள். விளக்கமறியலில் இருப்பவருக்கு அது கிடையாது, தண்டனையே இல்லாதவருக்கு என்ன மன்னிப்பு? இது தெரியாமல் ஒரு தங்கச்சி ஆறுதலாக நினைத்து எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஒருவர் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மத்தியானம் பெயர் வாசித்து முடிந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தண்டப்பணத்தைத் தனியாகக் கட்டுவது

மனம் இளகும், தெரியும். சபை ஊடாகச் செய்யுங்கள்.

அடுத்த கிழமை வருவேன் என்று சொல்வது

சொல்லாதீர்கள். அனுமதி எப்போது மறுக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது.

ஆளைக் காணவில்லை என்று உடைந்து போவது

மாதக்கணக்காக ஒருவரோடு சங்கீதம் வாசித்திருப்பீர்கள். ஒரு நாள் போனால் இல்லை. மட்டக்களப்புக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றியிருப்பார்கள், அல்லது பிணை கிடைத்திருக்கும். யாரும் உங்களுக்கு அறிவிக்கமாட்டார்கள். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஊழியத்தை விடுகிறார்கள். பிணையில் போனவர் வீட்டில் பிள்ளையோடு சோறு சாப்பிடுகிறார் என்றால் அதுதானே நாம் ஜெபித்தது.

திரும்பி வருகிறவர்களும் உண்டு. 'ஐஸ்' போதைப் பழக்கத்துக்காக உள்ளே வந்து, கண்ணீரோடு ஞானஸ்நானம் கேட்டு, வெளியே போய், அதே மாதிரி வழக்கில் மறுபடி வந்து நிற்பார். அவர் உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார். நீங்கள் முகத்தைத் திருப்பாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்றைக்கு அவருக்குப் பிரசங்கம் வேண்டாம்.

வாசலில் நிற்கிற பெண்களைக் கடந்து போவது

வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டை போன்ற இடங்களிலிருந்து விடிய முன் பஸ் ஏறி வருகிறார்கள். சோற்றுப் பார்சலும் கைக்குழந்தையுமாக வெயிலில் நிற்பார்கள். நாம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி உள்ளே போகிறோம். எனக்கு இந்த ஊழியத்தில் கிடைத்த சந்தோஷங்களில் பாதி அந்த வரிசையில் கிடைத்தவை. ஒரு அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும். அப்புறம் அவர்களே பேசுவார்கள். கன்னியாப் பக்கத்து அக்கா ஒருவர், கணவர் விடுதலையாகிப் போன பிறகும், தான் நின்ற அதே வரிசைக்கு இப்போது எங்களோடு தேநீர் கொண்டு வருகிறார்.

வெளியில் கண்டால் கூப்பிடுவது

மீன் சந்தையில், பஸ் நிலையத்தில் கண்டால் நீங்கள் முதலில் பேசாதீர்கள். அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. பேச விரும்பினால் அவர் வருவார். ஒருவர் என்னைக் கண்டு, தெருவைக் கடந்து வந்து, "இவர்தான் நான் சொன்ன அண்ணா" என்று மனைவியிடம் சொன்னார். அந்த நாள் முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

சிங்களம் தெரியாமல் இருப்பது

கொஞ்சமாவது படியுங்கள். காவலர்களும் மனிதர்கள், அவர்களிலும் பலர் வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறார்கள்.

மார்கழியோடு நிறுத்துவது

கிறிஸ்மஸுக்கு எல்லாச் சபைகளும் வரும். வெசாக்குக்கும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் அந்தந்த ஆட்கள் வருவார்கள். ஒரு பண்டிகையும் இல்லாத மாதங்களில் மண்டபம் வெறுமையாகக் கிடக்கும், கைதிகள் அதே ஆட்கள்தான். புதிதாக வர நினைக்கிறவர்கள் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசி, சிறை அத்தியட்சகருக்கு இப்போதே கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைக்கப் பெப்ரவரி ஆகலாம். பெப்ரவரியிலேயே வாருங்கள்.