பெட்டிக்குள் சுழலும் பாய்மம்: சுவரில்தான் கணக்கு

பாய்மம் (திரவமோ வாயுவோ) நிரம்பிய சதுரப் பெட்டி. மூன்று சுவர்கள் அசையாமல் நிற்க, மேல்மூடி மட்டும் சீரான வேகத்தில் வலப்புறம் நகர்கிறது. பாய்ம ஓட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல் எழுதப் பழகுபவர்களை நான் முதலில் இந்தக் கணக்கில்தான் உட்கார வைப்பேன். நுழைவாயும் வெளிவாயும் இல்லாததால் பிழை ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

இருபரிமாணத்தில் அழுத்தத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. ஓட்டச் சார்பு (இதன் சமமதிப்புக் கோடுகளே ஓட்டக் கோடுகள்), சுழல்தன்மை (பாய்மம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு) இரண்டும் போதும். மூடியின் வேகம் 1, பெட்டியின் பக்கம் 1, ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் நிலைமத்தின் வலு) 100, 41-க்கு 41 புள்ளிகள் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு காலப்படியிலும் பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்து ஓட்டச் சார்பைப் பெறுங்கள் (அதன் லாப்லாசியன், அதாவது இரு திசைகளிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை, எதிர்க்குறியிட்ட சுழல்தன்மைக்குச் சமம்). அதன் சரிவுகள் திசைவேகத்தைத் தரும். பிறகு சுவர்களில் சுழல்தன்மையைப் புதுப்பித்து, உட்புள்ளிகளில் அதை ஒரு படி முன்னே நகர்த்துங்கள்.

சுவரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓட்டச் சார்பு நான்கு சுவர்களிலும் பூஜ்யம். சுழல்தன்மைக்கோ அப்படி நேரடி நிபந்தனை கிடையாது. தாம் (Thom) என்பவரின் பெயரால் வழங்கும் வாய்பாட்டால் வருவிக்க வேண்டும். சுவரை ஒட்டிய முதல் உட்புள்ளியின் ஓட்டச் சார்பை இரண்டால் பெருக்கி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்து, எதிர்க்குறி இடுங்கள். மேல்மூடிக்கு மட்டும், மூடி வேகத்தின் இருமடங்கை இடைவெளியால் வகுத்து அதிலிருந்து கழியுங்கள். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் மூடி இடப்புறம் நகர்வதாக ஆகிவிடும். படம் அப்போதும் அழகாகவே வரும்!

மேல் மூலைகளில் சுழல்தன்மை எல்லையின்றி உயரும். பதற வேண்டாம், ஒரு புள்ளியையும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளையும் மட்டுமே பயன்படுத்தும் ஐந்து புள்ளி வாய்பாடு மூலைகளைத் தொடுவதில்லை.

காலப்படிக்கு இரண்டு வரம்புகள் (தாண்டினால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்): இடைவெளியின் வர்க்கத்தை ரெனால்ட்ஸ் எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்தது ஒன்று, இரண்டை ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்தது மற்றொன்று. ரெனால்ட்ஸ் எண் 100-இல் முதலாவது சுமார் 0.016, இரண்டாவது 0.02, ஆகவே 0.005 பாதுகாப்பானது. 1000-க்குப் போனால் இரண்டாவது 0.002 ஆகச் சுருங்கி உங்களை முந்திக்கொள்ளும்.

வண்ணப் படத்தை நம்பாதீர்கள். கியா, கியா, ஷின் மூவரும் இதே பெட்டிக் கணக்குக்கு 1982-இல் வெளியிட்ட அட்டவணையோடு எண்களை ஒப்பிடுங்கள். ரெனால்ட்ஸ் எண் 100-இல் செங்குத்து நடுக்கோட்டில் கிடைத்திசை வேகத்தின் சிறும மதிப்பு சுமார் -0.211, சுழலின் மையம் இடச்சுவரிலிருந்து 0.617, அடியிலிருந்து 0.734. பிறகு 81-க்கு 81 புள்ளிகளில் ஓட்டுங்கள். வித்தியாசம் ஏறத்தாழக் கால் பங்காகக் குறையவில்லை என்றால், முதலில் சுவர் வரிகளைத் திறந்து பாருங்கள்.