மருந்தடிக்கும் முன் இலையைத் தேய்த்துப் பாருங்கள்

எலுமிச்சை இலைகள் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடந்தன. மூன்று முறை பூஞ்சைக்கொல்லி அடித்தும் கறுப்பு அசையவில்லை. ஒருநாள் தற்செயலாக ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்தேன். கரி கையோடு வந்துவிட்டது. அடியில் இலை பச்சைப்பசேல் என்றிருந்தது. மேல்கிளையில் மாவுப்பூச்சி சாறு குடித்து இனிப்பான கழிவைச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் படர்ந்த கரும்பூசணம்தான் அது.

படி 1: தேயுங்கள்

கறுப்பு கையில் வந்தால் பூச்சியைத் தேடுங்கள். அடிமரத்தில் ஏறும் எறும்பு வரிசையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

மாம்பூவிலும் இளந்தளிரிலும் வெள்ளைப் பொடியாக வந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

படி 2: எந்த இலை மஞ்சள்?

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் சத்துக்குறைதான். துளிரில் தெரிந்தால் இரும்பு, முதிர்ந்த இலையில் தெரிந்தால் மக்னீசியம். இதற்குப் பூஞ்சைக்கொல்லி வீண்செலவு.

படி 3: புள்ளியைத் தடவுங்கள்

எலுமிச்சையில் புள்ளி இருபுறமும் தடித்து, சொரசொரப்பாக, மஞ்சள் வளையத்தோடு இருந்தால் சொறிநோய். இது பாக்டீரியா. மழைச்சாரலில் பரவும், இலைத்துளைப்பான் புழு போட்ட கோடுகள் வழியாகச் சுலபமாக உள்ளே போகும். செம்பு மருந்து புதுத் துளிரைக் காப்பாற்றுமே தவிர, வந்த சொறியை ஆற்றாது.

மாங்காய் வேறு கதை. பறிக்கும்போது மாசில்லாமல் இருக்கும். பழுக்கையில் கரும்புள்ளி விழும், சிலசமயம் காம்பிலிருந்து கண்ணீர் வழிந்த தடம்போல் கோடாக இறங்கும். ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை பிஞ்சிலேயே நுழைந்து பழுக்கும்வரை அடங்கிக் கிடக்கிறது. அதனால் பூ விரியும் முன்பும், பிஞ்சு பிடித்த பின்பும் மருந்து தேவை. பறித்த காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் முக்கினால் அழுகல் குறையும். வெப்பமானி இல்லையா, முயலவே வேண்டாம், காய் வெந்துபோகும்.

படி 4: வெட்டுங்கள்

ஈரமில்லாத நாளில், நோய்ப்பகுதிக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். உதிர்ந்த இலை, கிளையிலேயே வற்றித் தொங்கும் பழம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பலர் சோம்பல்படுவது இங்கேதான். அடுத்த மழைக்கான வித்து அந்தக் குப்பையில்தான் இருக்கிறது.

படி 5: போர்டோ கலவை

படி 3-இல் சொன்ன செம்பு மருந்தை வீட்டிலேயே கலக்கும் முறை இது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரையுங்கள். இன்னொன்றில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் நீற்றி, ஆறியபின் 5 லிட்டராக்குங்கள். நீறும்போது கொதித்துத் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. செம்புநிறம் படிவது நிற்கும்வரை சுண்ணாம்புநீரைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வடிகட்டி, கையுறை போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முன் அடித்துவிடுங்கள். பூ விரிந்திருக்கும் நாட்களில் வேண்டாம். மீந்ததை நாளைக்கென்று வைக்காதீர்கள், ஒருநாள் கடந்தால் வீரியம் போய்விடும்.