காடைக் குஞ்சின் ரத்த ரிப்போர்ட்: வயதைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

குஞ்சு சோர்ந்து நின்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்கிற யோசனை செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் ஷெட் போட்டுக் காடை வளர்ப்பவர்களுக்கும் வந்துவிட்டது. நல்லதுதான். சிக்கல் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் இயல்பு அளவு அச்சாகியிருக்கும். அது எந்தப் பறவைக்கு, எத்தனை நாள் வயதுக்கு என்று யாரும் கேட்பதில்லை. சில நேரம் அது பறவையின் அளவே இல்லை, மனிதருடையது.

முதலில் சிவப்பணு. ரத்தத்தில் அணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் எண்ணை லேபில் பிசிவி என்பார்கள். வளர்ந்த காடை, கோழி வகைகளில் அது பொதுவாக 35 முதல் 45 வரை இருக்கும். குஞ்சில் 30ஐ ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருப்பது சகஜம். உடம்பு நாளுக்கு நாள் பெருக்கிறது, கூடவே ரத்தத்தின் மொத்த அளவும் பெருக்கிறது. எலும்பு மஜ்ஜை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சிவப்பணு செய்ய நாளாகும். ஹீமோகுளோபினும் இதே வழியில்தான் படிப்படியாக ஏறும். ஸ்லைடில் இளம் சிவப்பணுக்கள் கூடுதலாகத் தெரிவதும் இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு ரத்தசோகை என்று முடிவுகட்டி, தண்ணீரில் இரும்புச் சத்து டானிக்கைக் கலந்து ஊற்றுவது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. டானிக் விற்றவருக்கு மட்டும் லாபம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இரண்டு வாரக் குஞ்சுக்கு பிசிவி 43 என்று வந்தால் 'பரவாயில்லை, பெரிய காடை அளவுக்கு இருக்கிறதே' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். சென்னையில் மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மதியம் நிப்பிள் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் அந்த 43க்கு வேறு அர்த்தம். உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டிப்பட்டிருக்கலாம். புரதமும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் பலமாகிறது. குஞ்சின் ரத்தப் புரதம் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 3 கிராமை ஒட்டி இருக்கும். வளர வளர 4, 5 என்று போகும். ஆக, இயல்பு என்று அச்சான எண்ணே குஞ்சுக்கு அபாய அறிகுறியாக இருக்க முடியும். ரிப்போர்ட்டில் அளவு மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி விழாத இடத்தையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

புரதம் மெல்ல ஏறுவதற்கும் காரணம் உண்டு. முட்டை மஞ்சள் கரு வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்புப் புரதம் முதல் சில வாரங்களில் கரைந்துபோகும். குஞ்சு தன்னுடையதைச் செய்யப் பழகும்வரை அந்த இடம் முழுதாக நிரம்பாது. பொரித்த புதிதில் கொழுப்பு அதிகமாக இருப்பதும் மஞ்சள் கருவின் மிச்சம்தான். மூன்று நாள் குஞ்சுக்குக் கொலஸ்ட்ரால் என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

அல்கலைன் பாஸ்பேடேஸ் என்கிற என்சைம் இன்னொரு பொறி. எலும்பு வளரும் பருவத்தில் அது உயர்ந்தே இருக்கும், வளர்ச்சி நின்றதும் இறங்கும். அதை லிவர் கோளாறு என்று நினைத்து லிவர் டானிக் எழுதுவது மனித ரிப்போர்ட் படித்துப் பழகிய கண் செய்யும் வேலை.

முட்டைக்கு வந்த பெட்டையில் கணக்கே மாறிவிடும். ஜப்பானியக் காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டை வைக்கத் தொடங்கும். அப்போது கால்சியம் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமிலிருந்து 20ஐத் தாண்டிப் போகும். மஞ்சள் கருவுக்கான புரதம் கால்சியத்தைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஓடுவதுதான் காரணம். பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்துக்கூட வரும். இது நோய் இல்லை. பிசிவி மட்டும் அதே வயதுச் சேவலைவிடக் குறைவாக இருக்கும், ஆண் ஹார்மோன் சிவப்பணுவைக் கூட்டுவதால். சேவலையும் பெட்டையையும் ஒரே பட்டியலில் வைத்துச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும்.

வாரக் கணக்கை இனம் விட்டு இனம் மாற்றுவதும் கூடாது. எட்டு வாரக் காடை முட்டையிடும் பெரிய பறவை. எட்டு வார ஃபெசன்ட் (கோழி இனத்துப் பெரிய பறவை) இன்னும் குஞ்சு. கினிக்கோழியோ முட்டைக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளிநாட்டு ஃபெசன்ட் பட்டியலை இறக்கி நம் ஊர் நந்தனம் ரகக் காடைக்குப் பொருத்திப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. (கௌதாரியைப் பிடித்து வளர்த்து ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுக் கௌதாரி வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை, அந்தப் பேச்சே வேண்டாம்.)

தெருமுனை லேபில் கொடுக்காதீர்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மனிதருக்கு இல்லை. மனித ரத்தத்துக்கான மெஷின் அந்த உட்கருவைப் பார்த்து எல்லாவற்றையும் வெள்ளையணு என்று எண்ணிவைக்கும். பிறகு வெள்ளையணு லட்சக்கணக்கில் என்று ஒரு ரிப்போர்ட் வரும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். பறவைக்கு நாட்-ஹெரிக் கரைசலில் கலந்து, மைக்ரோஸ்கோப்பில் கையால்தான் எண்ண வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி பறவை ரத்தம் பார்த்துப் பழகிய இடமாகப் பாருங்கள். சர்க்கரை 250 என்று வந்தாலும் பயப்படாதீர்கள், பறவைக்கு அது சாதாரணம்.

வெள்ளையணுக்களின் விகிதமும் வயதோடு மாறும். பொரித்த கோழிக்குஞ்சில் ஹெட்டரோஃபில் என்ற வகை மிகுதி, சில நாட்களில் லிம்போசைட் என்ற வகை முந்திக்கொள்ளும். ஆனால் கூண்டில் துரத்திப் பிடித்து, பைக்கில் வைத்து, சென்னையின் பாடி மேம்பாலத்து டிராஃபிக்கில் கொண்டுபோனாலே ஹெட்டரோஃபில் மறுபடி ஏறிவிடும். அதைத் தொற்று என்று எடுத்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவது அவசரம்.

அப்புறம், எடுக்கும் அளவு. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது. 100 கிராம் காடைக்கு அதிகபட்சம் 1 மில்லி. பொரித்த குஞ்சு 10 கிராம்கூட இருக்காது, அதனிடம் எடுக்கக்கூடியது ஒன்றிரண்டு துளி. அதில் எல்லா டெஸ்டும் கேட்டால் எதுவும் சரியாக வராது. என்ன தெரிய வேண்டும் என்று டாக்டரிடம் முதலில் பேசிவிட்டு, பிசிவியும் ஸ்லைடும் போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். சீட்டில் இனம், பொரித்த தேதி, ஆணா பெண்ணா, முட்டை வைக்கிறதா, ரத்தம் எடுத்த நேரம் எல்லாம் எழுதுங்கள். முடிந்தால் அதே பேட்ச்சில் நன்றாகத் தீனி தின்கிற நாலைந்து குஞ்சுகளின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஷெட்டுக்கு, அந்த வாரத்துக்கு, அதைவிடப் பொருத்தமான இயல்பு அளவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.