துணியில் முடங்கும் பணம்: ஆன்லைன் ஆடை விற்பனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டர் வரவில்லை என்றால் தொழில் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சரக்கு எடுக்கப் பணமில்லாமல் நின்றுபோவதும் உண்டு. போட்ட முதல் முழுவதும் விற்காத துணியாக அலமாரியிலும், திரும்பி வந்த பார்சலாக மூலையிலும் கிடக்கும். கையில் கொஞ்சமே பணம் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

முதல் தவறு கொள்முதலிலேயே நடக்கிறது. "வெரைட்டி இருந்தால்தான் ஆள் வருவார்கள்" என்று நினைத்து 10 டிசைன் எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் 3 நிறம், 4 சைஸ். வகைக்கு ஒன்று வைத்தாலே 120 உருப்படி ஆகிவிடும். அதிலும் எம், எல் சைஸ் சீக்கிரம் தீர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஸ்டாக்கைத் தேடி வருகிறவர்கள் குறைவு. 2 அல்லது 3 டிசைன், ஓரிரு நிறம் போதும். சைஸை எஸ், எம், எல், எக்ஸ்எல் வரிசையில் 1:2:2:1 என்று எடுத்துத் தொடங்கலாம். உங்களிடம் வாங்குகிறவர்களின் சைஸ் எது என்பது முதல் சில வாரங்களில் புரிந்துவிடும். விகிதத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று சப்ளையர் சொல்வது உண்மைதான். ஆனால் விற்காமல் தங்கிய நான்கு உருப்படிகள் அந்தத் தள்ளுபடியை விழுங்கிவிடும்.

அடுத்தது விலைக் கணக்கு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 100க்கு வாங்கியதை 200க்கு விற்றால் லாபம் 100 என்றுதான் மனம் கணக்குப் போடும். ஒரு பார்சலுக்குக் கூரியர் 30, பேக்கிங் 5, விளம்பரம் 25 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பார்சல் அனுப்பி ஒன்று திரும்பி வருகிறது. விற்ற நான்குக்கு வரவு 800. துணிக்கு 400, போக வர ஆறு முறை கூரியருக்கு 180, பேக்கிங்குக்கு 25, விளம்பரத்துக்கு 125. மொத்தச் செலவு 730. கையில் நிற்பது 70தான். அதாவது விற்ற ஒன்றுக்கு 17.50. திரும்பி வந்த துணி அழுக்காகி விற்க முடியாமல் போனால் 30 நஷ்டம். இதில் பேமென்ட் கட்டணமோ உங்கள் உழைப்போ சேரவில்லை. ஆகவே விலை வைக்கும்போதே ரிட்டர்னையும் ஒரு செலவாகச் சேர்த்துவிடுங்கள்.

கூரியர் கட்டணத்தில் இன்னொரு விஷயம். பல நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பார்சலின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோ, நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு வாங்குகின்றன. 30, 25, 10 அளவுள்ள அட்டைப்பெட்டி 1.5 கிலோ ஆகிவிடும், உள்ளே ஒரே ஒரு டி-ஷர்ட் இருந்தாலும். அதையே மடித்துக் கூரியர் கவரில் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். அழகான பெட்டி பிறகு வரட்டும்.

ரிட்டர்ன் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? அளவும் நிறமும் சரியாக இருந்தாலே பாதி தொல்லை தீரும். எம் என்று எழுதியிருந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று நம்பாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும். துணியைத் தட்டையாக விரித்து மார்பு, நீளம், தோள் மூன்றையும் நீங்களே டேப் வைத்து அளந்து போடுங்கள். அது ஆடையின் அளவா, உடலின் அளவா என்பதையும் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சப்ளையர் கொடுத்த போட்டோவை அப்படியே போடுவதும் தவறு. அதே படம் இன்னும் பலரிடம் இருக்கும், வாங்குகிறவர் விலையை மட்டும்தான் ஒப்பிடுவார். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் போனிலேயே எடுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளை சந்தன நிறமாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும். துணியின் நெசவு தெரிய நெருக்கத்தில் ஒரு படம், உள்பக்கத் தையலுக்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

சாம்பிளைத் துவைத்துப் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்கவே கூடாது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினால் 70 செ.மீ. நீளம் 66.5 ஆகிவிடும், போடுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். துணியின் கனத்துக்கு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) எவ்வளவு என்று கேளுங்கள். 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் என்று சொல்லி மெல்லிசாக அனுப்பினால், கையிலிருக்கும் சாம்பிளோடு ஒப்பிட்டுக் கேட்க முடியும்.

லோகோ, வெப்சைட் எல்லாம் தொடக்கத்தில் அவசரமில்லை. வாட்ஸ்அப் பிசினஸும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் முதல் ஆர்டர்களுக்குப் போதும். பிரபல பிராண்டின் சின்னத்தையோ கார்ட்டூன் உருவத்தையோ அனுமதியில்லாமல் அச்சிட்ட துணியை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வழக்கு வந்தால் சிறு முதல் தாங்காது.

விற்றுவரும் பணத்தைக் குடும்பச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் அசலை முதலில் ஒதுக்குங்கள். அடுத்த கொள்முதலுக்கு அது வேண்டும். இரண்டு மாதமாகியும் நகராத டிசைனை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அசல் விலைக்காவது தள்ளிவிட்டு, வரும் பணத்தில் தீர்ந்துபோன சைஸை வாங்கி வையுங்கள்.