ஆட்குறைப்பால் கம்பெனி தேறுமா? கணிப்பது எப்படி

அறிவிப்பு வந்த அன்று பங்கு விலை ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஒருநாள் கூத்து. யாரை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம் இருந்தது. 2007 மார்ச்சில் சுமார் 3,400 கடை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், காரணம் என்ன தெரியுமா, சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்களாம்! டிவி வாங்க வந்தவர் எல்சிடியா பிளாஸ்மாவா என்று குழம்பி நிற்கும்போது பக்கத்தில் நின்று விளக்க அனுபவமுள்ள ஆள் வேண்டாமா? 2008 நவம்பரில் திவால் மனு, 2009 மார்ச்சில் எல்லாக் கடைக்கும் பூட்டு. போட்டியும் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டன என்பதும் உண்மைதான்.

அடுத்து கணக்கு. மிச்சமாகும் சம்பளத்திலிருந்து இழப்பீடு, பின்னால் புதிதாக ஆள் எடுக்கும் செலவு, அவர்கள் வேலை பழகும் மாதங்கள் எல்லாவற்றையும் கழியுங்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து யார் தாங்களாகவே கிளம்புகிறார்கள் என்று கவனியுங்கள், கெட்டிக்காரர்களுக்குத்தான் வெளியே வேலை சட்டென்று கிடைக்கும்.

நஷ்டத்தில் ஓடும் ஒரு பிரிவையே மூடினால் சரி, நியாயம் இருக்கலாம். எல்லாத் துறையிலும் ஒரே மாதிரி பத்து சதவீதம் வெட்டு என்றால், எது தேவை எது வேண்டாம் என்று மேலிடத்துக்கே தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.