காசிமேட்டுக் காலையை உங்கள் கையெழுத்தில் வரைய

வாட்டர்கலரில் வரையப்போவது சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை. அங்கே கடல் கிழக்கே. காலை ஆறரைக்கு வெயில் படகுகளுக்குப் பின்னாலிருந்து வரும். கண்ணில் படுவது அவற்றின் நிழல் பக்கம்தான். அந்த நிழலுக்கு ட்யூபிலிருந்து நேராக எடுத்த கறுப்பு வேண்டாம், நிழல் செத்துப்போகும். அல்ட்ராமரீன் (அடர்நீலம்) இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஒரு பங்கு: உயிருள்ள நீலச்சாம்பல் கிடைக்கும்.

பிடித்த ஓவியரிடம் ஒரு படத்துக்கு ஒன்றை மட்டும் கடன் வாங்குங்கள். ஆங்கில ஓவியர் டர்னரிடம் (1775–1851) வெளிச்சத்தில் கரையும் விளிம்பு. ஆனால் அவருடைய மஞ்சளையும் சேர்த்து எடுத்தால் காசிமேடு லண்டனின் தேம்ஸ் நதி ஆகிவிடும். இன்னொரு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், 1821–22இல் வரைந்த மேகப் பயிற்சி ஓவியங்கள் பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எழுதினார். அந்தப் பழக்கத்தைத் தாராளமாகத் திருடலாம்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமன், 11×15 அங்குலம். நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பலகையைச் சற்றே சாய்த்து வையுங்கள். முதலில் வானம், கடல், இரண்டுக்கும் ஒரே ஈர வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு).

இங்கேதான் பலர் கெடுப்பார்கள். உப்புக்காற்றில் தாள் மெதுவாகவே காயும். பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டதென்று பாய்மரக் கம்பத்தை இழுத்தால் வண்ணம் கசிந்து பரவும். பாதி காய்ந்த வாஷில் சொட்டும் தூரிகை பட்டால் காலிஃபிளவர் போல ஓரம் சுருண்ட கறை பூக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பாணி எதுவென்று தெரிய, யாருடைய படத்தையும் பார்க்காமல் தீப்பெட்டி அளவில் ஐந்து பென்சில் கிறுக்கல்கள் போடுங்கள். ஐந்திலும் வலைக்குவியலே பெரிதாக வந்திருந்தால் படகுகளைத் தயங்காமல் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.