போர்முனைப் பத்திரிகைப் படங்கள்: வாங்குவதிலும் வைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பழைய டிரங்குப் பெட்டியில் போர்முனைச் சிப்பாய்களின் படம் அகப்பட்டால், எல்லோரும் முதலில் தொப்பியையும் துப்பாக்கியையும்தான் பார்க்கிறார்கள். விலையைத் தீர்மானிப்பது பின்பக்கம். செய்தி நிறுவனத்தின் முத்திரை, தணிக்கை முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய விளக்கச் சீட்டு, பத்திரிகை நூலகத்தின் தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். மஞ்சளாகி நொறுங்குகிறதே என்று அந்தச் சீட்டைத் தண்ணீர் தடவிப் பிய்ப்பதை விடப் பெரிய தவறு இல்லை. சீட்டு போனால் மிஞ்சுவது யாரோ ஒரு சிப்பாயின் படம். முன்பக்கத்து வெள்ளைப் பூச்சும் சிவப்பு மெழுகுப் பென்சில் கோடும் அழுக்கல்ல, பத்திரிகை ஓவியர் அச்சுக்காகத் தொட்ட வேலை. அவற்றையும் துடைக்காதீர்கள்.

முத்திரையில் உள்ள தேதியைப் படம் எடுத்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது படம் அலுவலகத்துக்கு வந்த நாளாகவோ அச்சான நாளாகவோ இருக்கலாம். 1942ஆம் ஆண்டு நெகட்டிவிலிருந்து இருபது வருடம் கழித்துப் பிரிண்ட் போட்டாலும் காட்சி அதேதான், விலை அதே அல்ல. ‘1971 போர் சமயத்திலேயே முத்திரை குத்தியது’ என்று தரும் படத்தின் முத்திரை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் பேரத்தை நிறுத்திவிடுங்கள். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டிய தாள். மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிய படமாக இருக்கலாம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் இந்தச் சேவையை 1935 ஜனவரி 1இல் தொடங்கியது. கம்பி வழி வந்த படம் போலி அல்ல, ஆனால் நெகட்டிவிலிருந்து நேரே போட்ட பிரிண்டின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறலும் மடிப்பும் கண்ணுக்குத் தெரிந்து, பரப்பு மட்டும் வழவழவென்று இருந்தால், யாரோ பழைய பிரிண்டைப் படம் பிடித்து மறுபிரதி எடுத்திருக்கிறார்கள்.

புற ஊதா டார்ச்சும் உதவும். பளிச்சென்ற நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் ‘வெளுப்பேற்றி’ என்ற, தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் சரக்கு கலந்திருக்கிறது. அது பொதுவாக 1950களுக்குப் பிந்தைய தாள். ஒளிராவிட்டால் பழையதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, பின்னாளில் வெளுப்பேற்றி சேர்க்காத தாள்களும் உண்டு. இந்தச் சோதனையைத் துவைத்த வெள்ளை வேட்டி மேல் வைத்துச் செய்யாதீர்கள். சோப்புத்தூளில் உள்ள அதே சரக்கு வேட்டியையே ஒளிர வைக்கும். கறுப்புத் துணி போதும்.

வாங்கியதோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதியைக் கடற்காற்று கெடுத்துவிடும். படத்தின் மேல் உள்ள ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதும். கண்ணாடிச் சட்டத்துக்குள் நேரே அழுத்தி வைத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்து வரும். இடையில் அட்டைச் சட்டம் விட்டுத்தான் மாட்ட வேண்டும். லாமினேஷன், செல்லோடேப், பசை தடவிய ஆல்பம், பிவிசி உறை எதுவும் வேண்டாம். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதில் உள்ள கந்தகம் கறுப்பு-வெள்ளைப் படத்தில் உருவத்தைக் காட்டும் வெள்ளியைக் கெடுத்துக் கறை பிடிக்கச் செய்யும்.

பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பத்து லிட்டர் டப்பாவுக்கு ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் மணிகளை 200 கிராம் துணிப் பையில் கட்டி, படத்தில் படாமல் ஓரமாகப் போடலாம். நிறம் மாறியதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்து 30 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் படம் சுருண்டு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவைத் திறக்காமல் இருப்பது நல்லது. பூஞ்சை பிடித்துவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், ஜெலட்டினும் சேர்ந்து வழித்துக்கொண்டு வரும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம்.

பிரிண்டை வாங்கியதால் காப்புரிமை கைக்கு வந்துவிடாது. ஊர் வரலாற்று மலரிலோ புத்தகத்திலோ போடுவதானால், பின்பக்கத்து முத்திரையில் உள்ள நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.